குளிர்காலமும் கூந்தற் சாயமும்

தலைமயிரின் நிறத்தை மாற்றிக்கொள்ளும் ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பண்டை எகிப்தியர் மருதோன்றியைக் கூந்தலுக்குப் பூசினர். கோல் நாட்டு மக்கள் கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்து, மயிரைச் சிவப்பாக்கும் ஒரு பொருளைச் செய்தனர் என்று உரோமானிய ஆசிரியர் பிளினி குறித்துள்ளார். ஆண்டு பல சென்றும் தமக்கு நரை தோன்றாமைக்குக் காரணம் கூறிய பிசிராந்தையாரின் பாடல் புறநானூற்றில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே நரையைப் பற்றிய சிந்தனை தமிழருக்கும் பழையதே.

இக்காலத்தில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் பருவத்துக்கேற்பக் கூந்தலின் நிறத்தை மாற்றுவது வழக்கமாகியிருக்கிறது. கோடையில் வெளிறிய நிறங்களை விரும்புவோர், பனிக்காலம் வந்ததும் கடுங்கபிலம், செம்பு நிறம், திராட்சைச் சிவப்பு முதலிய ஆழ்ந்த நிறங்களை நாடுகின்றனர். நம்மவர் பலர் அந்நாடுகளிலே குடியேறி வாழ்வதால், இந்நிறங்கள் எவ்வாறு பிடிக்கின்றன, எவ்வாறு நிலைக்கின்றன, அவற்றில் எங்கே அபாயம் மறைந்திருக்கிறது என்பவற்றை அறிந்திருத்தல் நன்று.

முதலில் மயிரிழையின் அமைப்பை நோக்குவோம். தோலுக்கு மேலே காணப்படும் இழை உயிரற்றது. கெரற்றின் என்னும் புரதமே அதன் பெரும்பகுதி. வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருப்பதுபோல, மெல்லிய செதில்கள் இழையின் மேற்புறத்தை மூடியிருக்கின்றன. அவற்றுக்கு உள்ளேயுள்ள பகுதியில் மெலனின் என்னும் நிறப்பொருள் தங்கியிருக்கிறது. மயிர்க்கால்களில் அந்நிறப்பொருள் உண்டாவது நின்றுபோகும்போது, புதிதாக வளரும் மயிர் வெண்மையாகத் தோன்றுகிறது. இதுவே நரை.

சாயங்கள் மூவகைப்படும். முதல்வகை இழையின் மேற்புறத்தில் ஒட்டியிருந்து ஓரிரு முழுக்கில் நீங்கிவிடும். இரண்டாம் வகை செதில்களினூடே சிறிது புகுந்து, சில வாரங்கள் தங்கும். மூன்றாம் வகையே நிரந்தரச் சாயம். இதிலுள்ள அமோனியா செதில்களை விரியச் செய்கிறது. ஐதரசன் பேரொட்சைட்டு, இயற்கையான மெலனினை வெளிறச் செய்கிறது. அதே வேளையில், உள்ளே புகுந்த சிறிய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பெரிய நிற மூலக்கூறுகளாக மாற்றுகிறது. புகும்போது சிறியனவாயிருந்தவை உள்ளே பெருத்துவிடுவதால், வந்த வழியே எளிதில் வெளியேற முடிவதில்லை. நிறம் நிலைப்பதன் இரகசியம் இதுவே.

இவ்வறிவு வந்த வரலாறும் சுவையானது. 1856 ஆம் ஆண்டில், பதினெட்டு வயதினரான வில்லியம் பேர்க்கின் என்னும் ஆங்கிலேய மாணவர், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்றார். மருந்து கிடைக்கவில்லை, ஊதா நிறச் சாயமொன்று கிடைத்தது. நிலக்கரித் தாரிலிருந்து சாயம் செய்யும் பெருங்கைத்தொழில் அதனைத் தொடர்ந்து வளர்ந்தது. 1907 ஆம் ஆண்டில் யூஜின் ஷுவெலர் என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செயற்கைக் கூந்தற் சாயமொன்றை ஆக்கி, பாரிஸ் நகரத்துச் சிகையலங்காரக்காரருக்கு விற்றார். 1909 ஆம் ஆண்டில் அவர் நிறுவிய கம்பனியே இன்று லோரியல் எனப்படுகிறது.

குளிர்காலத்தில் சாயமிட்ட கூந்தலுக்குத் தனிக்கவனம் தேவைப்படுவது ஏன்? குளிர்ந்த காற்றால் மிகுந்த நீராவியைத் தாங்க முடியாது. 0 பாகை செல்சியசில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியையே கொள்ளும். 20 பாகையிலோ ஏறத்தாழ 17 கிராமைக் கொள்ளும். வெளியேயுள்ள குளிர்காற்று வீட்டினுள் வந்து சூடாக்கப்படும்போது, அதிலுள்ள நீராவியின் அளவு கூடுவதில்லை. அது ஏற்கக்கூடிய அளவே கூடுகிறது. ஆகவே அறைக்காற்று வறண்டு, தோலிலும் மயிரிலுமுள்ள ஈரத்தைக் கவர்கிறது. சாயமிடுதலால் முன்னரே செதில்கள் நலிவுற்ற இழை மேலும் வறண்டு முறிகிறது. கம்பளித் தொப்பியின் உராய்வும் அத்துடன் சேர்ந்துகொள்கிறது.

நிறத்தைத் தெரிவு செய்யும்போதே பாதுகாப்புத் தொடங்குகிறது. கரிய கூந்தலைப் பொன்னிறமாக்க மெலனினைப் பெரிதும் வெளிறச் செய்ய வேண்டும். அதனால் இழைக்குச் சேதம் மிகும். இயற்கை நிறத்துக்கு அண்மையான கபிலமோ கருஞ்சிவப்போ அத்துணைச் சேதம் விளைப்பதில்லை. எனினும் செந்நிறச் சாயங்கள் விரைவில் மங்கும் இயல்புடையவை. தலைமயிர் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், சொந்த நிறத்துக்கு மிக வேறுபட்ட சாயம் இட்டவருக்குச் சில வாரங்களிலேயே வேர்ப்புறம் தனித்துத் தெரியும். அப்போது புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் சாயமிடுதல் போதும். முழு நீளத்துக்கும் திரும்பத் திரும்ப இடுதல் தகாது.

சாயமிட்டபின் ஓரிரு நாள் தலை முழுகாதிருத்தல் நன்று. பின்னரும் அடிக்கடி முழுகாது, கொதிநீரை விலக்கி, இளஞ்சூட்டு நீரையும் மென்மையான சம்பூவையும் பயன்படுத்துக. சூடான காற்றால் மயிர் உலர்த்தும் கருவியைத் தலைக்கு மிக அண்மையிற் பிடித்தல் ஆகாது. கம்பளித் தொப்பியின் உட்புறம் பட்டுத்துணி தைத்துக்கொண்டால் உராய்வு குறையும். முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் பூசும் நம் பழைய வழக்கத்துக்கு விஞ்ஞானமும் சான்று பகர்கிறது. அவ்வெண்ணெய் இழையினுள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதை 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இனி, அழகினும் முதன்மையான ஒரு செய்தி. நிரந்தரக் கருஞ்சாயங்கள் பலவற்றில் பரா-பீனைலீன் டைஅமீன் என்னும் பொருள் இருக்கிறது. சிலருடைய உடலுக்கு இது ஒவ்வாது. கடுமையான அரிப்பு உண்டாகலாம். கண்ணிமைகளும் முகமும் வீங்கலாம். சில வேளை உயிருக்கே ஆபத்து நேரலாம். பல ஆண்டுகள் தீங்கின்றிப் பயன்படுத்தியவருக்கும் இவ்வொவ்வாமை ஒருநாள் புதிதாகத் தோன்றக்கூடும். தோன்றியபின் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. ஆதலின் ஒவ்வொரு முறையும் சாயமிடுவதற்கு 48 மணித்தியாலங்களுக்கு முன், பொதியிற் கூறியவாறு தோலிற் சிறிதளவு பூசிச் சோதித்தல் வேண்டும். அப்போது அரிப்போ சிவப்போ தோன்றினால் அச்சாயத்தைக் கைவிட வேண்டும். முகம் வீங்கி மூச்சுத் திணறுமாயின் தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

மருதோன்றியென்றால் அச்சமில்லை என்று கருதுவோர் பலர். தூய மருதோன்றி இலை செம்மஞ்சட் கபிலத்தையே தரும், கருமை தராது. அவுரி இலைப்பொடியைச் சேர்த்தால் கருமையை அணுகலாம். ஆனால் ‘கறுப்பு மருதோன்றி’ என விற்கப்படும் தூள்கள் சிலவற்றில், முற்கூறிய இரசாயனப் பொருளே கலந்திருக்கிறது. விழாக்காலங்களில் பிள்ளைகளின் கைகளில் அதனைக் கொண்டு கோலமிட்டதால் தோல் கொப்புளித்த சம்பவங்கள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. அவ்வாறு கொப்புளித்தவர், பிற்காலத்தில் கூந்தற் சாயம் இட்டால் கடுமையாகத் துன்புறக்கூடும். கறுப்பு மருதோன்றி என்று யாரேனும் நீட்டினால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டறிதல் பெற்றோர் கடன்.

சாயத்தால் புற்றுநோய் வருமோ என்ற ஐயமும் பலருக்கு உண்டு. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 1993 ஆம் ஆண்டிலும் மீண்டும் 2010 ஆம் ஆண்டிலும் வெளியிட்ட மதிப்பீடுகளில், தொழில்முறையாக நாடோறும் சாயங்களோடு பழகும் சிகையலங்காரக்காரரின் பணியைப் புற்றுநோய் விளைக்கக்கூடும் எனக் கருதத்தக்க தொழில்களுள் வைத்தது. தனிமனிதர் தமக்குத் தாமே இட்டுக்கொள்ளும் சாயத்தைப் பற்றி முடிவு கூறச் சான்று போதாதென்றது. ஆகவே தொழில் செய்வோர் கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள அறையில் வேலை செய்தல் அவசியம். வீட்டிற் சாயமிடுவோரும் கையுறையணிந்து, குறித்த நேரத்துக்கு மேல் சாயத்தைத் தலையில் வைத்திராது, நன்கு அலசிவிடல் வேண்டும். கண்ணிமை மயிருக்கும் புருவத்துக்கும் தலைச்சாயத்தை ஒருபோதும் பூசலாகாது. பார்வைக்கே கேடு நேரும்.