மொட்டைக் கடிதமும் அஞ்சல் முத்திரையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர் ஒருவர்)

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் ஓரிடத்தில் அகப்பட்டுக்கொள்வான். கையெழுத்தை மாற்றி எழுதுவான். அனுப்புநர் பெயரைப் போடமாட்டான். ஆனால் உறையின்மேல் அஞ்சல் நிலையத்தார் குத்தும் முத்திரையை அவனால் தடுக்க முடியாது. எந்த ஊரில், எந்த நாளில் கடிதம் சேர்க்கப்பட்டது என்பதை அது சொல்லிவிடும். சிற்றூராக இருந்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது.

இன்று பலரும் பேசுகின்ற கிரிப்டோ நாணயத்திலும் இதே கதைதான். "பிட்காயினில் பெயரே கிடையாதே! யார் பணம் அனுப்பினார் என்று எவருக்குத் தெரியப் போகிறது?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிறகு தேடிப் படித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பெயரில்லாப் பேரேடு

சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபர் 31 அன்று ஒரு கட்டுரை வெளியாயிற்று. அதன்படி 2009 ஜனவரி 3 அன்று பிட்காயின் பேரேட்டின் முதல் ஏடு தொடங்கியது. இங்கே வங்கி இல்லை; மேலாளர் இல்லை. உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் ஒரே பேரேட்டின் படிகளை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு எவ்வளவு போயிற்று என்பதை எவரும் படிக்கலாம். எழுதியதை அழிக்க முடியாது. பெயர் மட்டும் அதில் இல்லை.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒருமுறை ஒரு கணக்கோடு ஓர் ஆளின் பெயர் ஒட்டிக்கொண்டால் போதும். அதனோடு தொடர்புடைய பழைய வரவு செலவும், இனி நடக்கப்போவதும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அப்படி ஒட்டவைக்கும் பசைகளுள் ஒன்றுதான் ஐ.பி. முகவரி.

முதலில் சொன்னவர் யார்?

இணையத்தில் பேசும் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் வேண்டும். அதுவே ஐ.பி. முகவரி. பழைய முறைப்படி அது 32 இருமக் கூறுகள் கொண்ட எண். அவ்வாறு ஏறத்தாழ 429 கோடி எண்கள் அமையும். எந்த நேரத்தில் எந்த எண் எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்ற பதிவு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடம் இருக்கும்.

ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்லவேண்டும். பிட்காயின் பேரேட்டில் ஐ.பி. முகவரி எழுதப்படுவதில்லை. செய்தி போகும் வழியில்தான் அது கசிகிறது. நான் பணம் அனுப்பினால், என் கணிப்பொறி அச்செய்தியைத் தன்னோடு இணைந்துள்ள சில கணிப்பொறிகளுக்குச் சொல்லும். அவை தம் அண்டையாருக்குச் சொல்லும். சில நொடிகளில் செய்தி உலகம் முழுவதும் பரவிவிடும். பேரேட்டில் புதிய ஏடு சேர்வதோ சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

ஊரில் ஒரு புரளி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தெருமுனையிலும் ஓர் ஆளை நிறுத்தி, "உன்னிடம் முதலில் சொன்னது யார்?" என்று கேட்டால், புரளி எந்த வீட்டில் பிறந்தது என்று ஊகிக்கலாம் அல்லவா? அதைப் போலவே, எல்லாக் கணிப்பொறிகளோடும் இணைந்து ஒட்டுக் கேட்பவர், செய்தியை முதலில் சொன்ன எண்ணே அனுப்பியவரின் எண் என்று ஊகிக்கலாம். டான் காமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2011இலேயே இதை எடுத்துக் காட்டினார். லக்சம்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ஒரே பொது எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்திலும் தனித்தனி ஆட்களைப் பிரித்தறியலாம் என்றும், கையாளும் முறையைப் பொறுத்து 11 முதல் 60 விழுக்காடு வரை வெற்றி கிடைக்கும் என்றும், இதற்கு 1500 யூரோவுக்கும் குறைவாகவே செலவாகும் என்றும் அவர்கள் கணக்கிட்டனர்.

கைப்பேசியில் உள்ள பணப்பைச் செயலிகளின் நிலை வேறு. அவற்றுள் பெரும்பாலானவை ஏதோ ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி வழியாகவே செய்தியை அனுப்புகின்றன. அங்கே ஊகத்துக்கே வேலையில்லை. கணக்கு எண், ஐ.பி. முகவரி இரண்டும் அந்நிறுவனத்தின் கண்ணில் படும். மெட்டாமாஸ்க் செயலியை நடத்தும் கன்சென்சிஸ் நிறுவனம், தன் இன்ஃபியூரா சேவை வழியாகச் செல்லும் பரிமாற்றங்களில் இவ்விரண்டும் திரட்டப்படுவதை 2022 நவம்பரில் தானே அறிவித்தது.

நேர்மையானவனுக்கு மறைவு எதற்கு?

இக்கேள்வியை நம் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். நைஜீரியாவைப் பாருங்கள். 2020 அக்டோபரில் அங்கே காவல்துறையின் கொடுமையை எதிர்த்து இளைஞர்கள் போராடினர். காயம்பட்டோருக்கும் சிறைப்பட்டோருக்கும் உதவ நிதி திரட்டிய பெண்கள் அமைப்பொன்றின் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டது. அவர்கள் பிட்காயினில் நன்கொடை பெற்றனர். அடுத்த மாதமே, போராட்டத்தோடு தொடர்புடைய 20 வங்கிக் கணக்குகளை முடக்க நீதிமன்ற ஆணை பெறப்பட்டது. அத்தகைய நாளில் நூறு ரூபாய் நன்கொடை தந்த ஒரு மாணவனின் வீட்டை அவனது ஐ.பி. முகவரி காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

திருடரும் இம்மறைவை நாடுவர் என்பது உண்மையே. ஆனால் உறையில் இட்டு ஒட்டிய கடிதமெல்லாம் குற்றக் கடிதம் ஆகிவிடுமா? காவலர் விசாரிக்க வேண்டுமானால் சட்டப்படி ஆணை பெற்றுக் கேட்கலாம். ஒட்டுக் கேட்பவருக்கோ எந்த ஆணையும் தேவையில்லை. 1500 யூரோ இருந்தால் போதும்.

காப்பு வழிகள்

முதல் வழி, 'டோர்' எனும் வலையமைப்பு. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் 1990களில் பிறந்த கருத்து இது. வெங்காயத் தோல்போல் மூன்று அடுக்கு மறைப்பு இட்டு, செய்தியை மூன்று கணிப்பொறிகள் வழியாக அனுப்புவர். அனுப்பியவர், சேருமிடம் இரண்டையும் ஒருசேர அறிந்த கணிப்பொறி அம்மூன்றில் ஒன்றும் இராது.

இரண்டாம் வழி, 2017இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்வைத்த 'டான்டிலியன்' முறை. செய்தியை உடனே எல்லோருக்கும் சொல்லாமல், முதலில் ஒருவர் காதிலிருந்து ஒருவர் காதுக்கு இரகசியமாகக் கடத்துவர். சில கைகள் மாறிய பிறகே, எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறப்பதுபோல் ஊரறியப் பரப்புவர். இதன் திருத்திய வடிவத்தை மொனேரோ நாணயம் 2020இல் ஏற்றுக்கொண்டது. பிட்காயினின் முதன்மை மென்பொருள் ஏற்கவில்லை. எனினும், கணிப்பொறிகளுக்கிடையே போகும் பேச்சை மறைகுறியாக்கும் வசதியை 2024 முதல் அது இயல்பாகவே தருகிறது.

'வி.பி.என்.' போதாதா எனச் சிலர் கேட்பர். அது நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுவதே ஆகும். வாடிக்கையாளர் பெயரையும் ஐ.பி. முகவரியையும் ஐந்தாண்டு வைத்திருக்குமாறு 2022 ஏப்ரலில் இந்திய அரசு வி.பி.என். நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. மேலும், அடையாளச் சான்று தந்து நாணயம் வாங்கியவர் ஐ.பி. முகவரியை மட்டும் மறைப்பது, முன்வாசலைத் திறந்து வைத்துவிட்டுச் சன்னலைத் தாழிடுவதைப் போன்றதே.

நண்பருக்கு இப்போது என்னால் விடை சொல்ல முடியும். உறையில் பெயர் எழுதாமல் விடுவது நம் கையில் இருக்கிறது. முத்திரை விழுவது பிறர் கையில் இருக்கிறது. "பெயர் இல்லை" என்று எவராவது உறுதி கூறினால், "முத்திரை எங்கே விழுகிறது?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதன்பிறகு பொத்தானை அழுத்துங்கள்.