அவலக்ஷணம்

பெண் பார்க்கச் சென்றவர்கள் சொஜ்ஜியும் பஜ்ஜியும் அருந்தி, காப்பியும் குடித்துவிட்டுத் தெருமுனை திரும்புவதற்குள் ஒரு சொல்லை உதிர்த்துவிடுவதுண்டு: "குடும்பம் நல்ல குடும்பந்தான், பெண்தான் அவலக்ஷணம்!" அந்த ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடுகிறது. இத்தனை வல்லமை படைத்த சொல்லின் பூர்வோத்தரத்தைச் சற்று விசாரிப்பது தகும் என்று கருதுகிறோம்.

லக்ஷணம் என்ற வடசொல்லுக்கு அடையாளம் என்பதே பொருள். ஒரு பொருளை இன்னதென்று அறிவிப்பது எதுவோ, அதுவே அதன் லக்ஷணம். மொழியின் அமைதியை இலக்கணம் என்கிறோமே, அதுவும் இச்சொல்லின் தமிழ் உருவமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். 'அவ' என்ற முன்னொட்டு தாழ்வைக் குறிப்பது. அவகீர்த்தி, அவப்பெயர் முதலிய சொற்களில் அதைக் காணலாம். ஆகவே அவலக்ஷணம் என்றால் தகாத அடையாளம் என்பதே நேர்பொருள். முகத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை!

முகத்தின்மேல் அது வந்து அமர்ந்ததில் சாமுத்திரிக சாஸ்திரத்திற்கும் பங்குண்டு. ரேகை, மச்சம், அங்க அமைப்பு ஆகியவற்றைக் கொண்டு பலன் சொல்லப் புகுந்த அந்தச் சாஸ்திரம், உடலில் சுபக் குறிகளையும் அசுபக் குறிகளையும் தேடிற்று. நாளடைவில் குறி என்ற பொருள் மங்கி, அழகின்மை என்ற பொருளே பெரிதும் நிலைத்துவிட்டது.

ஆயினும், பழைய பொருள் நம் வீடுகளில் அடியோடு மறைந்துவிடவில்லை. விளக்கு வைக்கும் வேளையில் தலைவிரி கோலமாய் வாசலில் நிற்கும் பேத்தியை, "என்னடி இது அவலக்ஷணம்!" என்று பாட்டி கடிந்துகொள்வாள். காரியத்தைக் கெடுத்தவனைப் பார்த்து, "நீ வேலை செய்த லக்ஷணம் இதுதானா?" என்று கேட்கிறோம். இங்கெல்லாம் கண்டிக்கப்படுவது செய்கை, செய்கையைத் திருத்திக்கொள்ளலாம். முகத்தை எங்ஙனம் திருத்துவது?

பெரியம்மை நம் நாட்டில் உயிர்களைக் கொள்ளை கொண்ட காலத்தில், பிழைத்து எழுந்த குழந்தைகள் பலரின் முகத்தில் தழும்பு நின்றது. யமனை வென்றதற்கு அடையாளம் அது. சொல்லின் நேர்பொருளில் அதுவன்றோ லக்ஷணம்! உலகமோ அதையும் அவலக்ஷணம் என்றது. தழும்புள்ள பெண்ணுக்கு வரன் தேடிப் பெற்றோர் பட்ட பாடு கொஞ்சமன்று. 1975-ஆம் ஆண்டுடன் இந்தியாவில் அந்நோய் நின்றது. உலகத்தை விட்டே ஒழிந்ததென்று 1980-இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. நோய் ஒழிந்தது, சொல் ஒழியவில்லை.

சொல்லை ஒழிக்கவேண்டும் என்பதன்று நம் கட்சி. அதை அதன் பழைய இடத்தில் திரும்ப வைத்தால் போதும். ஒரு வீட்டில் வயிறார உண்டுவிட்டு, வெளியே வந்ததும் அவ்வீட்டுப் பெண்ணின் முகத்தைப் பழிக்கிறார்களே, அந்தச் செய்கைக்கு மிகப் பொருத்தமான சொல் ஒன்று உண்டு. அது எதுவென்று வாசகர்களுக்கு நாம் சொல்லவும் வேண்டுமோ?