சர்க்யூட்டிலிருந்து சாக்ரடீஸுக்கு!

'பி.இ. முடிச்சுட்டு எம்.ஏ. ஃபிலாசஃபியா? மறை கழண்டுடுச்சா மச்சான்?' - ஃபைனல் இயரில் இப்படி ஒரு ஆசையைச் சொல்லிப் பாருங்க, ஹாஸ்டலே சிரிக்கும். வீட்டில் அப்பாவோ, 'அதைப் படிச்சா சோறு கிடைக்குமா?' என்பார். ரெண்டுக்கும் பதிலோட போங்க பாஸ்!

சம்பந்தம் இருக்கா?

நிறைய! லாஜிக் கேட், பூலியன் அல்ஜீப்ரானு செமஸ்டருக்காக மண்டையை உடைச்சுக்கிறோமே... மனுஷன் யோசிக்கிற விதத்துக்கே கணக்கு எழுத முடியுமானு ஜார்ஜ் பூல் தேடியதில் பிறந்தது அது. 1854-ல் அதைப் புத்தகமாகவே போட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிலாசஃபி வகுப்பில் அதைப் படித்த கிளாட் ஷானன், 1937-ல் எம்.ஐ.டி. மாஸ்டர்ஸ் ஆய்வில் ஸ்விட்ச் சர்க்யூட்டுக்குப் பொருத்திக் காட்டினார். மான்செஸ்டரில் ஏரோநாட்டிக்ஸ் படித்த விட்கென்ஸ்டைன், 1911-ல் கேம்ப்ரிட்ஜில் ரஸ்ஸலைத் தேடிப் போய் தத்துவ மேதையே ஆயிட்டார்!

எங்கே படிக்கலாம்?

எம்.ஏ. ரெண்டு வருஷம். பல பல்கலைக்கழகங்களில் எந்த டிகிரி முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத்துறை ராதாகிருஷ்ணன் பெயரைத் தாங்கி நிற்கிறது. டெல்லி ஜே.என்.யூ., ஹைதராபாத் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி. பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுதணும். பிஹெச்.டி. வரை போகிறவர்களுக்கு மும்பை, கான்பூர் ஐ.ஐ.டி.க்களிலும் இடம் உண்டு.

என்ன இருக்கும்?

சாமியார் பிரசங்கம்னு நினைச்சுப் போகாதீங்க! பிளேட்டோ, கான்ட், நியாயம், பௌத்தம், வேதாந்தம், லாஜிக், அறவியல்... எல்லாம் உண்டு. ஃபார்முலா போட்டு விடையை கட்டம் கட்டுற வேலை நடக்காது. பத்து பக்கத்தை பத்து தடவை படிச்சு, 'இந்த வாதம் எங்கே ஓட்டை?'னு எழுதணும். எழுதவே அலுப்புனா, இப்பவே யோசிங்க.

சோறு?

மறைக்காம சொல்லிடலாம். தத்துவத்துறை இருக்கும் கல்லூரிகள் குறைவு. அதனால லெக்சரர் வேலையும் குறைவு. யூ.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கிட்டா பிஹெச்.டி. செய்ய மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை (2023-ல் உயர்த்தியது). ஆனா, அது டாப் ஸ்கோர் எடுக்கிறவங்களுக்கு மட்டும்தான். சிவில் சர்வீஸ் மெயின்ஸில் தத்துவத்தை விருப்பப்பாடமா எடுத்தா 500 மார்க். இந்தக் கணக்கை அப்பாகிட்ட பேப்பரில் எழுதிக் காட்டுங்க. எஜுகேஷன் லோன் பாக்கி இருந்தா, ரெண்டு வருஷம் வேலை பார்த்து அடைச்சுட்டுப் போறதுலயும் தப்பில்லை. பிளேட்டோ 2,400 வருஷமா காத்திருக்கார்... இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்க மாட்டாரா?

முதல்ல ஒரு டெஸ்ட்! என்.பி.டி.இ.எல்.-ல் தத்துவப் பாடங்கள் இலவசமாவே இருக்கு. ஒரு கோர்ஸை முழுசா முடிங்க. கடைசி வாரமும் தூக்கம் வராம 'அடுத்து என்ன?'னு தோணுதா? அப்ளிகேஷனைப் போட்டுடுங்க. மூணாவது லெக்சரிலேயே கொட்டாவியா? இன்ஜினீயரிங்கே இனிக்கும் பாஸ்!