நீரைத் தடுக்காத கலம்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் போனால் அழகன்குப்பம், எக்கியார்குப்பம், அனுமந்தை, கூனிமேடு என்று கடலோரக் குப்பங்கள் தொடங்கும். ஆழமான இயற்கைத் துறைமுகம் இங்கே கிடையாது. கரையை ஒட்டியே அலை எழும்பி உடையும். அந்த அலையைத் தாண்டிப் போகத்தான் கட்டுமரம்.

படகு என்றால் குழிவு. நீர் உள்ளே வந்தால் ஆபத்து. கட்டுமரத்துக்குக் குழிவே இல்லை. மலைவேம்பு, அல்பீசியா போன்ற இலேசான மரங்களில் மூன்று முதல் ஏழு தடிகள் வரை எடுத்து, முன்முனையை மேல்நோக்கிச் செதுக்கி, இரு தலைப்பிலும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும். மேலே வந்து விழுகிற அலை இடுக்கு வழியாக இறங்கிவிடும். மிதக்க வைப்பது மரத்தின் குறைந்த அடர்த்தி மட்டுமே. ஆகவே நீர் புகுந்து மூழ்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கவிழ்ந்தாலும் புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம். ஆனால் மரம் நீர் குடித்துக் கனத்துவிடும். அதனால்தான் கரையேறியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளைக் காயப்போடும் வழக்கம் வந்தது. இவ்வளவு தெளிவான பொறியியலைப் பழைய காலத்து எளிய தெப்பம் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்க நூல், பெரிய ஒற்றைமரங்களைப் பிணைத்த 'சங்கரா' கலங்கள் இந்தக் கடலில் ஓடியதைச் சொல்கிறது. அந்நூல் குறிப்பிடும் சோபட்மா துறை மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

'கட்டுமரம்' என்ற பெயர் மட்டும் தனியே ஊர் சுற்றியது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் அது 'கேட்டமரான்' ஆனது. 1804இல் நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க பூலோன் துறைமுகத்தில் பிரிட்டிஷ் கடற்படை மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்கும் அதே பெயர். 1811ஆம் ஆண்டு லண்டன் கொச்சைமொழி அகராதியில் அது எலும்பும் தோலுமான கிழவியைக் குறிக்கும் ஏச்சு. பிறகு சண்டைக்காரிக்கும் அதுவே வசைச்சொல். 1876இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பந்தயப் படகு கட்டினார். அவ்வகைப் படகின் மூதாதை பசிபிக் தீவுகளில் இருக்கிறது. ஆனாலும் உலகம் இன்று அவ்வகைப் படகைத் தமிழ்ப் பெயரால் அழைக்கிறது.

2004 சுனாமிக்குப் பின் இந்தக் கரையை ஃபைபர் படகுகள் நிறைத்தன. ஃபைபரிலேயே வார்த்த கட்டுமரங்களும் வந்தன. அவற்றின் வயிற்றில் தெர்மாகோலை அடைக்கிறார்கள்: இலேசான மரம் செய்த வேலையைச் செய்ய.