காவலை ஒடுக்கும் கிருமி

தாமதமாக வரும் தாய்மார்கள்

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் தொழிலாளர் குடியிருப்புகளான பாடிகளிலிருந்து வரும் தாய்மார்களில் பலர், மாதவிலக்கு நின்று ஆண்டுகள் கழிந்தபின்னும் உதிரம் கண்டு, துர்நாற்றத்தோடு வெள்ளைபட்டு, கொழுந்து பறிக்க நிற்கவும் இயலாமற்போன பிறகே, மலைப்பாதையின் நாற்பது வளைவுகளையும் கடந்து சிகிச்சைக்கு இறங்கி வருகிறார்கள். இவர்களிடம் காணும் கருப்பைவாய்ப் புற்றுநோய், பல ஆண்டுகள் மெல்ல முற்றுகிற வியாதி. அத்தனை ஆண்டுகளும் தடுப்பதற்குக் கிடைத்த அவகாசமல்லவா!

'உடம்பே பார்த்துக்கொள்ளும்' என்ற நம்பிக்கை

நமது சரீரத்தின் உயிரணுக்களில், அந்நியக் கிருமியை இனங்கண்டு எச்சரிக்கை செய்யும் 'டோல்' ஏற்பிகள் பிறவியிலேயே அமைந்திருக்கின்றன என்பதும், இந்நோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்னும் வைரஸின் தொற்று பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் தானே அகன்றுவிடுகிறது என்பதும் உண்மையே. ஆயினும், இப்புற்றுநோய்க்குப் பிரதான காரணமான எச்.பி.வி. 16 என்னும் வகை, தன் இ6, இ7 என்னும் புரதங்களால் 'டோல்-9' ஏற்பியின் உற்பத்தியையே ஒடுக்கிவிடுவதை ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். காவலனையே செயலிழக்கச் செய்துவிட்டு உள்ளே குடியேறும் பகைவனைக் கஷாயம் என்ன செய்துவிடும்?

'கடையில் விற்கும் பொடியை உண்டு எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கினால் போதும்' என்பாரும் உளர். ஆனால் அந்த ஏற்பிகள் கிளர்ச்சியுறுவது எப்போதும் நன்மையல்ல; சினைப்பைப் புற்றுநோயிலோ, 'டோல்-4' ஏற்பி கிளர்ச்சியுற்று, கட்டி வளரவும் மருந்துக்கு அடங்காதிருக்கவும் துணைபோகக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இத்தனை நுட்பமான விஷயத்தைக் கடைப்பொடியிடம் ஒப்படைப்பது தகுமா?

உடல் சூடும் கைவைத்தியமும்

வெள்ளைபடுவதெல்லாம் உடல் சூடு என்று எண்ணி வெந்தயமும் மோருமாக மாதங்களைக் கழிப்பதும், கிருமிநாசினி கலந்த நீரால் உள்ளே கழுவுவதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளை விழுங்குவதும் இனியேனும் ஒழிய வேண்டும். அவ்விதம் கழுவுவதால் பிறப்புறுப்பைக் காத்துவரும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் அழிகின்றன. மாத்திரையோ நாற்றத்தைச் சில நாள் மறைத்து, நோயை உள்ளே வளரவிடுகிறது.

பரிசோதனை

இந்நோயை முன்கூட்டியே கண்டறிய, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனை, சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்

திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு இச்சோதனையை ஒரே ஒரு முறை செய்து, தேவைப்பட்டோருக்குச் சிகிச்சையும் அளித்ததனால், இந்நோயால் நேரும் மரணம் 35 சதவீதம் குறைந்ததென 2007-இல் வெளியான ஆய்வு நிரூபித்தது. தாய்மார்களே, நோவு தோன்றும்வரை காத்திராதீர்கள். ஒருநாள் கூலி போனாலும் சோதனைக்கு வந்துவிடுங்கள். 9 முதல் 14 வயது வரையுள்ள உங்கள் பெண்பிள்ளைகளுக்கு, தொற்று அணுகுமுன்பே எச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். கணவன்மாரே, தோட்டத்து மேற்பார்வையாளர்களே, வெட்கத்தின் பேராலும் வேலையின் பேராலும் இத்தாய்மார்களைத் தடுக்காதீர்கள் என்று கைகூப்பி வேண்டுகிறேன்.