கருவிலிருக்கும் குழந்தையும் கடலோரத்து உப்பும்

தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்திருக்கிறது தருவைகுளம். மீன்பிடித் தொழிலும் உப்பளங்களும் சேர்ந்து வாழ்வளிக்கும் பகுதி அது. இந்தக் கடற்கரையில் அயோடின் கலந்த உப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், 'கடல் உப்பிலேயே எல்லாம் இருக்கிறதே, தனியாக எதற்கு?' என்ற பதிலைப் பலமுறை கேட்டிருக்கிறேன். படித்தவர்களிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. ஆனால், அது சரியல்ல.

கடல்நீரில் அயோடின் மிகச் சிறிதளவே உள்ளது. பாத்தியில் நீர் வற்றி உப்பு விளையும்போது அதில் எஞ்சுவது உடலின் தேவைக்குப் போதாது. கடல் மீனிலும் பாசியிலும் அயோடின் உண்டு. வெறும் கல் உப்பில் அதை எதிர்பார்க்க முடியாது.

கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை உண்டாக்க அயோடின் வேண்டும். கருவுற்ற முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வதற்குத் தாயின் தைராய்டு ஹார்மோனே ஆதாரம். கடுமையான பற்றாக்குறை நேர்ந்தால் குழந்தை செவித்திறன் குன்றி, பேச்சின்றி, அறிவு வளர்ச்சி தடைப்பட்டுப் பிறக்கக்கூடும். பற்றாக்குறை குறைவாக இருந்தால், கற்கும் திறன் மங்குவது ஒன்றே அடையாளமாக இருக்கலாம். கருவில் நேர்ந்த இழப்பைப் பின்னால் கொடுக்கும் அயோடினால் முழுமையாக ஈடுசெய்ய முடியாது.

இந்தியா இதை உணர்ந்ததற்குப் பெருங்காரணம் மருத்துவ ஆய்வாளர் வி.ராமலிங்கசுவாமி. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளத்தில் 1921-இல் பிறந்த அவர், பின்னாளில் தில்லி எய்ம்ஸ் இயக்குநராகவும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். இன்றைய ஹிமாசல பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை மிகுந்திருந்தது. 1956-இல் அவரும் சகாக்களும் அங்கு சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியை மூன்றாகப் பிரித்தனர். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதலிரண்டிலும் கழலை பெரிதும் குறைந்தது, மூன்றாவதில் மாற்றமில்லை. அதன்பின் மூன்று பகுதிகளுக்குமே அயோடின் உப்பு தரப்பட்டது.

இதன் பயனாக 1962-இல் தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ஆனால், கழலை என்பது கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. ராமலிங்கசுவாமியுடன் பணியாற்றிய என்.கொச்சுப்பிள்ளை உள்ளிட்டோர், உத்தர பிரதேசத்தின் இமயமலை அடிவாரப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தைப் பரிசோதித்தனர். பற்றாக்குறை இல்லாத இடங்களைவிட அங்கு தைராய்டு குறைபாடு பல மடங்கு அதிகமாக இருந்தது. கழுத்து வீக்கமாக மட்டும் கருதப்பட்ட ஒன்று, குழந்தைகளின் மூளையைப் பற்றிய கேள்வியாக மாறியது. உணவுக்கான உப்பு முழுவதிலும் அயோடின் கலப்பது என்று 1980-களில் அரசு முடிவெடுத்தது. அயோடின் கலக்காத உப்பை நேரடி உணவுக்காக விற்பதற்கு 2006 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது.

அந்தத் தடை வந்த பிறகும் தமிழகத்தின் நிலை பெருமைப்படும்படி இல்லை. நாட்டின் உப்பு உற்பத்தியில் முதல் மூன்று இடங்களுக்குள் இருக்கும் மாநிலம் நம்முடையது. ஆனால், 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதிய அயோடின் கொண்ட உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதத்தில் நாம் கடைசி இடத்தில் இருந்தோம். தேசிய அளவில் 76.3 சதவீதம், தமிழகத்தில் 61.9 சதவீதம் மட்டுமே.

உப்பு விளையும் இடம் அருகில் இருப்பதே இதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். சாக்கில் வரும் கல் உப்பு மலிவு, பழகிய சுவை, கண்ணெதிரே விளைந்தது. இதற்காக மக்களையோ சிறு உற்பத்தியாளர்களையோ குறைகூறிப் பயனில்லை. கல் உப்பிலும் பொட்டாசியம் அயோடேட்டைக் கலக்க முடியும். அதற்கான கருவியும் வேதிப்பொருளும் தரப் பரிசோதனையும் சிறு உப்பளங்களுக்கு எட்டும் விலையில் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான உப்பு சமையலறைக்கு வந்து சேராமல் கண்காணிக்கவும் வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. உப்பின் அளவைக் கூட்ட வேண்டியதில்லை. உப்பை மாற்றினால் போதும். வாடிக்கையாளரை அடையும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடினாவது இருக்க வேண்டும். அந்த உப்பு 10 கிராமில் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். கருவுற்றவருக்குத் தேவை 250 மைக்ரோகிராம் என்பதால், மருத்துவரின் ஆலோசனையும் அவசியம். உறையில் சிரிக்கும் சூரியன் முத்திரையைப் பார்த்து வாங்கி, ஈரம் படாத மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் இறுதியில் சேர்ப்பது நல்லது.

குழந்தைகளின் மூளையைத் தாக்கும் வளர்சிதைக் குறைபாடுகள் பலவற்றுக்கு விலையுயர்ந்த சிகிச்சை தேவைப்படுகிறது; சிலவற்றுக்குச் சிகிச்சையே இல்லை. முற்றிலும் தடுக்கக்கூடிய இந்த ஒன்றுக்கான மருந்தைச் சுமக்கும் உப்பு நம் கடற்கரையிலேயே விளைகிறது. அதில் அயோடினைச் சேர்த்து வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு அரசுக்கும் உற்பத்தியாளர்களுக்கும் நமக்கும் உரியது.