ஐம்பது மதிப்பெண்ணில் பாட்டாளிக்கு எத்தனை?

பீரைப் பற்றி நமது ஏட்டில் என்ன பேச்சு என்று முகம் சுளிக்கும் தோழர்கள் இருப்பார்கள். குடிக்கச் சொல்லி எழுத வரவில்லை. குடியால் குலைந்த குடும்பங்களை நம் தெருவிலேயே பார்க்கிறோம். அதற்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையன்று. ஆனால் ஒரு பண்டம் சந்தைக்கு வருகிறது. அதை முகர்ந்து, சுவைத்து, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறத் தேர்ந்த நடுவர்கள் இருக்கிறார்கள். அப்படி ‘உயர்ந்தது’ என்று பெயர் வாங்கிய பண்டத்தைச் செய்தவன் கதி என்னவாயிற்று? இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டல்லவா?

அமெரிக்காவில் ‘கிராஃப்ட் பீர்’ என்றொரு சரக்கு. பெரிய ஆலைகள் ஊரெங்கும் ஒரே சுவையில் ஊற்றும் பீருக்கு எதிராகச் சிறு ஆலைகள் காய்ச்சியது. அதிலும் ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐ.பி.ஏ. என்ற வகைக்குத்தான் மவுசு. விரித்துச் சொன்னால் ‘இந்தியா பேல் ஏல்’. ஆம், நம் நாட்டுப் பெயர்தான்! லண்டனை அடுத்த போ என்ற இடத்தில் பீர் ஆலை நடத்திய ஹாட்ஜ்சன், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் தலைவர்களுக்கு 18 மாதக் கடனில் சரக்குக் கொடுத்தார். அது இங்கே வந்து இறங்கியது. வெளிர்நிற ஏல் துரைமார்களுக்கும் அதிகாரிகளுக்கும்; கறுத்த போர்ட்டர் வெள்ளைச் சிப்பாய்க்கு. பீரிலும் வருணாசிரமம்!

ஹாப்ஸ் என்பது ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு ஏறிப் படரும் கொடி. பெண் கொடியில் காய்க்கும் பச்சைக் கூம்பைப் பறிக்கிறார்கள். அதன் இதழடியில் மஞ்சள் பொடி. கசப்பும் மணமும் அதில்தான். பார்லிச் சாற்றோடு நெடுநேரம் கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும், மணம் ஆவியாய்ப் போய்விடும். மணம் வேண்டுமானால் கடைசியில் போடவேண்டும். அல்லது நொதித்த பிறகு குளிர்ந்த பீரிலேயே ஊறவைக்க வேண்டும். ரசத்தை இறக்கும்போது கொத்தமல்லியைக் கிள்ளிப் போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த வித்தையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இதற்குத் தீர்ப்புக் கூறும் முறை இருக்கிறதே, அது வேடிக்கையன்று. நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று வழங்கும் அமைப்பு அமெரிக்காவில் 1985 முதல் இருக்கிறது. அதன் மதிப்பெண் தாளில் மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த மதிப்பீட்டுக்கு 10. நிறமும் நுரையும் எவ்வளவு பகட்டினாலும் மூன்றுதான்! நம் அரசியல் மேடைகளுக்கும் இப்படியொரு தாள் இருந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?

ஊற்றியதும் முதலில் மூக்கு. பம்பளிமாஸ் தோலா, பைன் மரப் பிசினா, மாம்பழமா, பச்சைப் புல்லா என்று பிரித்தறிய வேண்டும். பிறகு ஒரு வாய். கசப்பு அதிகமானால் மதிப்பெண்ணும் அதிகம் என்று நினைத்தால் ஏமாற்றம். கசப்பு முன்னே நிற்கலாம். பின்னே பார்லியின் இனிமை அதைத் தாங்க வேண்டும். விழுங்கிய பிறகு வேப்பங்கொழுந்து போல் நாக்கைப் பிடித்து உலுக்கக் கூடாது. நனைந்த அட்டை நாற்றம் அடித்தால் காற்றுப் பட்டுக் கெட்டது என்று பொருள். ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் நாற்றம் வந்தால் வெயில் பட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒளி சிதைத்துவிட்டது. பழுப்புப் புட்டி அதைப் பெரிதும் தடுக்கும். பச்சைப் புட்டியும் வெள்ளைப் புட்டியும் அழகுக்குத்தான். ஹாப்ஸ் மணம் நாளாக ஆகத் தேயும். ஆகவே பழைய சரக்கு எவ்வளவு பெரிய பெயரோடு வந்தாலும் தோற்கும்.

போட்டியில் புட்டியின் சீட்டை மறைத்துத்தான் ஊற்றுகிறார்கள். யார் ஆலை என்று நடுவருக்குத் தெரியாது. நேர்மையான ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் மறைத்த சீட்டுக்குப் பின்னால் முதலாளியின் பெயரோடு தொழிலாளியும் மறைந்துபோகிறான். நடுவர் சீட்டைப் பார்க்கக் கூடாது, சரி. வாங்குகிறவனும் பார்க்கக் கூடாதா?

சான் பிரான்சிஸ்கோ நகரின் ஆங்கர் ஆலையை எடுத்துக்கொள்வோம். 1896-இல் அந்தப் பெயர் பெற்றது. 1965-இல் மூடும் நிலையில் கிடந்ததை பிரிட்ஸ் மேடாக் என்பவர் வாங்கி நிமிர்த்தினார். 1975-இல் அங்கே காய்ச்சிய ‘லிபர்ட்டி ஏல்’, கேஸ்கேட் என்ற ஹாப்ஸின் பம்பளிமாஸ் மணத்தை அள்ளி வீசியது. இன்றைய அமெரிக்க ஐ.பி.ஏ.க்களுக்கு அதுதான் முன்னோடி என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் கேஸ்கேட் எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்க விவசாய இலாகா ஒரேகான் மாநிலத்தில் நடத்திய ஆராய்ச்சியில், மக்கள் வரிப்பணத்தில்! விதைத்தது சர்க்கார், விற்றது தனியார்.

2017-இல் ஜப்பானின் சப்போரோ கம்பெனி ஆங்கரை விழுங்கியது. அமெரிக்கச் சிறு ஆலையினரின் சங்கம் ஒரு வரையறை வைத்திருக்கிறது: ஆண்டுக்கு 60 லட்சம் பீப்பாய்க்கு மேல் போகக் கூடாது, கிராஃப்ட் அல்லாத மதுக் கம்பெனிக்கு 25 சதவிகிதமோ அதற்கு மேலோ பங்கு இருக்கக் கூடாது. அந்த வரையறைப்படி ஆங்கர் கிராஃப்ட் பட்டத்தை இழந்தது. அதே தொட்டி, அதே கைகள், அதே ஹாப்ஸ். எந்த நாக்கும் இந்த மாற்றத்தைக் கண்டுபிடித்திருக்காது.

கண்டுபிடித்தவர்கள் தொழிலாளர்கள். வீட்டு வாடகை வானத்தைத் தொடும் அந்த நகரத்தில், வாங்கும் கூலி வாழப் போதவில்லை என்றார்கள். 2019 மார்ச்சில் வாக்கெடுப்பு நடத்தி, மேலைக் கரையின் புகழ்பெற்ற துறைமுகத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே முதல் ஒப்பந்தத்தையும் வென்றார்கள். கிராஃப்ட் பீர் உலகில் சங்கம் என்பதே அபூர்வம். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று தோளில் கைபோட்டுப் பேசும் முதலாளிகள் நிறைந்த தொழில் அது. அந்தக் கைக்கு எடை அதிகம் என்பதை நம் மில் தொழிலாளர்களும் அறிவார்கள்.

2022-இல் அதே சப்போரோ, ஹாப்ஸ் மணத்துக்குப் பெயர்போன கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலையைக் கோடிக்கணக்கான டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு, 2023 ஜூலையில், ஆங்கரை மூடுவதாக அறிவித்தது. விற்பனை சரிவு, கொள்ளை நோய்க் காலத்து நட்டம், விலைவாசி என்று காரணங்களை அடுக்கியது. நட்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை வாங்கக் கோடிகள் இருந்தன, மற்றொன்றைக் காக்க இல்லை, கணக்கு அவ்வளவுதான். வேலை இழந்தவர்கள் சுமார் 60 பேர்.

அவர்கள் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ‘ஆலையை எங்களுக்கு விற்றுவிடுங்கள், கூட்டுறவாக நடத்திக் காட்டுகிறோம்’ என்று கம்பெனிக்கு எழுதினார்கள். கொதிகலனின் சூட்டையும் ஹாப்ஸின் அளவையும் கையால் அறிந்தவர்கள் கேட்ட கேள்வி அது. 2024 மே மாதம், சோபானி தயிர்க் கம்பெனியின் அதிபர் ஹம்தி உலுகாயா ஆலையை வாங்கினார். கூட்டுறவு கேட்டவர்கள் கைக்கு அது வரவில்லை.